பட்டன் தைக்கிறவளுக்கு ஒரு பதில்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. 'நலம்' என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கை வரவில்லை. நீயாவது நலமாக இரு. மாமாவின் காது எப்படி இருக்கிறது?

நேற்றுத்தானே போனில் பேசினான், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் வீட்டுப் போன் மாமாவுக்காக எப்போதும் ஸ்பீக்கரில் அலறுகிறது. நான் இங்கே தும்மினால் அங்கே உன் பக்கத்து வீட்டுக்காரி "யாருக்கு ஜலதோஷம்?" என்று கேட்கிறாள். அதனால்தான் நேற்றும் "நல்லா இருக்கேன்க்கா, தையல் ஆறிடுச்சு" என்றேன். தையல் ஆறியது உண்மைதான். வயிற்றில் நாலு சின்ன ஓட்டை, நாலும் மூடிவிட்டது. மற்றதை ஸ்பீக்கரில் சொல்ல முடியாது. படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

பித்தப்பையை எடுத்து இன்றோடு ஐந்து வாரம். கல் போயிற்று, வலியும் போயிற்று. ஆனால் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் வயிற்றுக்குள் யாரோ வாளியைக் கவிழ்க்கிறார்கள். உடனே ஓட வேண்டும். வருகிற கண்றாவியை என்னவென்று எழுதுவது? மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். நுரை. அதன்மேல் எண்ணெய் மிதக்கிறது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போக மாட்டேன் என்று பீங்கானைச் சுற்றிச் சுற்றி வருகிறது. எரிச்சலோ, மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தேய்த்த மாதிரி. ஒரு நாளைக்கு ஏழு தடவை, எட்டுத் தடவை. இது என் உடம்பிலிருந்துதான் வந்தது என்று ஒப்புக்கொள்ளவே அருவருப்பாக இருக்கிறது.

நான் இருக்கிற மாடியில் மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். முன்வீட்டு ரிட்டையர்டு குமாஸ்தா பேப்பரோடு உள்ளே போகிறவர். நான் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து விளையாட்டுச் செய்தியை எனக்கு வாசித்துக் காட்டுகிறார். வெளியே வந்தபின் அவர் விட்டுப்போன நாற்றத்தில் நான், நான் விட்டுப்போகும் நாற்றத்தில் அடுத்தவர். மனுஷப் பிறவியே கேவலம் என்று தோன்றுகிறது.

போன வாரம் டாக்டரிடம் காட்டப் போனேன். "மோஷன் எப்படிப் போகுது?" என்று கேட்டார். அவரைச் சுற்றி ஆறு மாணவிகள், கையில் நோட்டோடு. "நார்மல் டாக்டர்" என்றேன். ஆறு பேரும் அதை எழுதிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் பஸ் ஓட்ட வேண்டும். டெப்போவிலிருந்து கடைசி நிறுத்தத்துக்கு ஒரு மணி பத்து நிமிடம். நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது, அதற்குக் கலக்கக் காரணமா வேண்டும்.

மாமாவிடம் நான் சுகம் என்று சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். மாமாவின் காது இருந்த இடத்திலேயே இருக்கிறது, கேட்கத்தான் காணோம்.

உன் கடிதத்தை லாண்டரியில் சாப்பாட்டு நேரத்தில் பிரித்துத் தொலைத்தேன். டப்பாவை மூடி வைத்துவிட்டுப் படித்தேன். படித்து முடித்ததும் திறந்து சாப்பிட்டேன். ஹோட்டல் படுக்கை விரிப்பில் நான் பார்க்காத கறை உலகத்தில் இல்லை. நீ எழுதியதை எல்லாம் நான் தினமும் வெந்நீரில் போட்டு, ஆவி மெஷினில் அழுத்தி, நாலாக மடித்து அனுப்புகிறேன். அதன்மேல்தான் பெரிய மனுஷர்கள் படுத்துத் தூங்குகிறார்கள்.

நீ பிறவியிலேயே அப்படி. சின்ன வயதில் சாப்பாட்டில் முடி கிடந்தது என்று தட்டைக் கொட்டியவன் நீ. முடி கிடந்தது என் தட்டில், கொட்டியது உன் தட்டை. அப்படிப்பட்டவனுக்குப் போய் இந்த வியாதி வந்திருக்கிறதே என்று சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு. எண்ணெயைக் குறை. முக்கியமாக, டாக்டரிடம் வாயைத் திற. அவர் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கேட்கிற பேச்சே அதுதான், உன்னுடையது ஒன்றும் அதிசயம் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் உனக்கு வலி எங்கே ஆரம்பித்தது? விலாவிலா, முதுகிலா? எவ்வளவு நேரம் இருக்கும்? சும்மாதான் கேட்கிறேன். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை, நேரம் கிடைக்கும்போது எழுது.

வெயிலில் வண்டி ஓட்டுகிறவன், தண்ணீர் குடி.

அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீங்கள் இருவரும் சுகமாக இருப்பதில் மகிழ்ச்சி. என் சுகத்தைக் கேட்காதே.

வலி பற்றிக் கேட்டிருந்தாய். எண்ணெய்ப் பண்டம் ஏதாவது தின்று ஒரு மணி நேரம் கழித்து வரும். வலது விலாவுக்குக் கீழே ஆரம்பித்து, முதுகுக்கு ஏறி, தோள்பட்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அடங்காது. இதெல்லாம் எதற்கு உனக்கு? இந்த வயதில் டாக்டருக்குப் படிக்கப் போகிறாயா? இப்போது சொல்கிறேன் கேள், அந்த வலியே தேவலை. வலி யாருக்கும் நாறாது.

என் வழித்தடத்தில் இருபத்தாறு நிறுத்தம். இப்போது எனக்கு அவை நிறுத்தங்கள் இல்லை, கக்கூஸ்கள். ஏழாவதில் பெட்ரோல் பங்க். தாழ்ப்பாள் கிடையாது, ஒரு கையால் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டே காரியத்தை முடிக்க வேண்டும். பன்னிரண்டாவதில் மரச்சாமான் கடை; முதலாளி நல்லவர், ஆனால் குழாயில் தண்ணீர் வராது. பத்தொன்பதாவதில் கட்டணக் கழிப்பிடம். தரையில் எப்போதும் ஓரங்குலத் தண்ணீர், அது தண்ணீர்தான் என்று நம்பிக்கொண்டு காலை வைக்க வேண்டும். சோப்பில் எவனுடைய முடியோ ஒட்டியிருக்கும். கழுவிய கையை எதில் கழுவுவது?

நிறுத்தம் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தினால் நடத்துனர் டிரிப் ஷீட்டில் நேரமும் காரணமும் எழுதியாக வேண்டும். எங்கள் நடத்துனரை டெப்போவில் 'விசில்' என்று கூப்பிடுவார்கள், வாயில் விசிலோடு பிறந்தவன். அவன் எனக்காக "இன்ஜின் சூடு" என்று எழுதுகிறான். இந்த மூன்று வாரத்தில் பதினோரு தடவை இன்ஜின் சூடாகிவிட்டது. நேற்று மெக்கானிக் வந்து இன்ஜினை முழுக்கப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்லியேண்ணே" என்று தலையைச் சொறிந்தான். விசில் என் வயிற்றைப் பார்த்தான்.

டாக்டரிடம் போகவில்லை. என்னவென்று சொல்வது, வாயில் எடுக்கிற வார்த்தையா அது?

உன் தம்பி


மார்ச் 29

அன்புத் தம்பிக்கு,

அக்கா. பதில் போடத் தாமதமாகிவிட்டது, லாண்டரியில் வேலை அதிகம். மாமா சுகம். நீ எப்படி இருக்கிறாய்?

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். என்னோடு லாண்டரியில் பட்டன் தைக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். உனக்குத் தெரியாது. என் வயதுதான் இருக்கும். அவளுக்கும் நீ சொன்ன மாதிரியே விலாவில் வலி. ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் எட்டுக் கல் இருக்கிறதாம். பையை எடுத்துவிடு என்கிறார் டாக்டர். இப்போது எடுத்தால் சுலபம், ஒரு கல் நழுவிக் குழாயை அடைத்துவிட்டால் உயிருக்கே வந்துவிடும் என்றாராம்.

வீட்டில் யாருக்கும் அவள் சொல்லவில்லை. வாயு என்று சொல்லி வைத்திருக்கிறாள். உன்னைப் பற்றி நான்தான் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன், கோபிக்காதே. அதிலிருந்து அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் லாண்டரியில் வேலை நேரத்தில் இரண்டு தடவைக்கு மேல் வெளியே போக முடியாது. மேற்பார்வைக்காரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு யார் போகிறார்கள், எத்தனை நிமிடம் என்று பார்ப்பாள். போன வருடம் ஒருத்திக்கு வயிற்றுப்போக்கு வந்து, நாலாவது நாள் "வீட்டுலயே இருந்துக்கோ" என்று அனுப்பிவிட்டாள். இவளுக்கு வேலை போனால் கஷ்டம்.

அவள் என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்? நீ சொல்வதைக் கேட்பேன் என்கிறாள். யோசித்து எழுது.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

சுகமும் மண்ணாங்கட்டியும். இதைக் கேட்டுவிட்டு உன் பட்டன் தைக்கிறவளிடம் அப்படியே சொல்.

வியாழக்கிழமை காலையில் ஒரே ஒரு முட்டை பொரித்துத் தின்றேன். ஆசை. மூன்று மாதமாக வெந்ததையும் காய்ந்ததையும் தின்று நாக்கு செத்துவிட்டது. வண்டியில் அறுபது பேர். மேம்பாலத்தில் ஏறியதும் முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. பாலத்துக்கு மேலே எங்கே போவது? பல்லைக் கடித்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்த கை வியர்த்து வழுக்கியது. நாற்பது நிமிடம் அக்கா. முப்பத்தைந்தாவது நிமிடம் என்னால் முடியவில்லை.

சூடாக இறங்கியது. தொடை வழியாக முழங்கால் வரைக்கும். எனக்குப் பின்னால் இருந்த சீட்டில் ஒரு அம்மா தன் பிள்ளையிடம், "மூக்கப் பொத்திக்கடா, டிரெய்னேஜ் உடைஞ்சிருக்கு" என்றாள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதிலேயே உட்கார்ந்துகொண்டு இன்னும் பதினோரு நிறுத்தம் ஓட்டினேன். ஒவ்வொரு தடவை பிரேக்கை மிதிக்கும்போதும் அது ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் நகர்ந்தது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை. விசில் தன் பையிலிருந்த மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்தான். சீட்டை நானே கழுவினேன். கால்சட்டையைக் குப்பையில் போட்டேன். அன்றிலிருந்து என் கையை நானே முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாசம் போகவில்லை. என்னைக் கண்டால் எனக்கே குமட்டுகிறது.

அவளிடம் சொல், வேண்டவே வேண்டாம். கல் கல்லாகவே கிடக்கட்டும். எட்டென்ன, எண்பது இருந்தாலும் இருக்கட்டும். டாக்டர்கள் வெட்டி எடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்கள், நாம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஈனப் பிழைப்புக்கு வலியே மேல்.

தம்பி


ஏப்ரல் 25

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உனக்காக அழுதேன். இதில் உன் தப்பு எதுவும் இல்லை. அசிங்கம் என்று நினைத்து உன்னையே வெறுத்துக்கொள்ளாதே. உடம்பென்றால் அப்படித்தான்.

அவளிடம் சொல்லிவிட்டேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்களாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஸ்கேன் காகிதத்தைக்கூட ஒளித்து வைத்துவிட்டாள். இப்போது எண்ணெய் தொடுவதில்லை. வலி வந்தால் துணி மூட்டைமேல் சாய்ந்துகொள்கிறாள்.

எனக்காக ஒன்று செய். டாக்டரிடம் போ. மாணவிகள் இருந்தால் "அவங்கள கொஞ்சம் வெளில அனுப்புங்க" என்று சொல். அதுவும் முடியாவிட்டால் எனக்கு எழுதினாய் இல்லையா, அதைப் போல ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் கொடு. இதற்கு ஏதாவது மருந்து இருக்கும். என்ன சொன்னார், கொடுத்தது கேட்கிறதா என்று உடனே எனக்கு எழுது. அவள் உன் பதிலுக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறாள்.

மாமா உன்னை விசாரித்தார். நான் கொஞ்சம் இளைத்துவிட்டேன் என்று கிண்டல் செய்கிறார்.

அக்கா


ஜூன் 18

அன்புத் தம்பிக்கு,

அக்கா. சுகமா? ஏப்ரலில் போட்ட கடிதத்துக்கு இன்னும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல் போகிறார்.

போனில் மூன்று தடவை பேசினோம். "நல்லா இருக்கேன்க்கா" என்றாய். பிப்ரவரியிலும் அதைத்தான் சொன்னாய். பாலத்தில் உனக்கு அப்படி ஆன அன்றைக்குச் சாயங்காலமும் அதையேதான் சொன்னாய், நாள் வைத்துப் பார்த்தேன். அதனால் உன் வாயை நான் நம்புவதாக இல்லை. எழுது.

டாக்டரிடம் போனாயா? ஏதாவது கொடுத்தாரா? போக்கு நின்றதா, குறைந்திருக்கிறதா, அதே மஞ்சளாகத்தான் போகிறதா? அவளுக்கு வலி இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறது. போன வாரம் இரண்டு நாள் கண் மஞ்சளாக இருந்தது, பிறகு தானாகவே சரியாகிவிட்டது. டாக்டரிடம் திரும்பப் போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. உனக்குக் கொஞ்சமாவது குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் போய்ப் படுத்துவிடுவாள். அவ்வளவுதான் வேண்டும் அவளுக்கு. ஒரு கார்டு போதும். "பரவாயில்லை" என்று ஒரு வார்த்தை போதும்.

பதில் போடு.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இங்கே மழை. எனக்கு வழித்தடம் மாற்றியிருக்கிறார்கள், புது வண்டி, சீட்டு நன்றாக இருக்கிறது. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

அந்தப் பேச்சு மட்டும் இனிமேல் வேண்டாம் அக்கா. நினைத்தாலே வாந்தி வருகிறது. அந்த அம்மாவிடம் ஏதாவது சொல்லிச் சமாளி.

தம்பி


ஜூலை 21

மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நேற்று போனில் நான் கத்தியது உனக்குக் கேட்டிருக்கும். நீ சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. போனில் என் காதாக இருந்தவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

சனிக்கிழமை வேலை செய்துகொண்டிருந்தவள் ஆவி மெஷின் பக்கத்திலேயே சுருண்டு விழுந்துவிட்டாள். கல் நழுவிக் குழாயை அடைத்துக்கொண்டதாம். கணையம் வீங்கி, உடம்பெல்லாம் மஞ்சள், காய்ச்சல். வாய் வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் யாரென்றே தெரியாமல் கிடந்தாள். இப்போது பேசுகிறாள். வீக்கம் வடிந்ததும் பையை எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் இப்படி வரும், அப்போது எங்களைக் கேட்காதீர்கள் என்கிறார் டாக்டர். உன் அக்கா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள்.

ஏன் என்று கேட்டேன். பீரோவில் புடவைக்கு அடியில் பார்க்கச் சொன்னாள். உன் கடிதங்களும் ஸ்கேன் காகிதமும் ஒன்றாக இருந்தன. தேதி மார்ச் பதினெட்டு. எல்லாவற்றையும் படித்தேன். பட்டன் தைக்கிறவள் என்று ஒருத்தியும் அங்கே கிடையாது. ஹோட்டல் படுக்கை விரிப்புக்கு ஏது பட்டன்? இது உனக்கு ஏன் தோன்றவில்லை மாப்பிள்ளை? ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கும் தோன்றவில்லை. வாயு என்றாள், சரி என்றேன்.

நீ புறப்பட்டு வருவதாகச் சொன்னாய் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். இப்போது வந்து பயனில்லை. "வாயால அவன் எப்பவும் நல்லா இருக்கேன்னுதான் சொல்வான். எழுதினாத்தான் அவன்கிட்ட நிஜம் வரும்" என்கிறாள் உன் அக்கா. நீ இப்போது எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நன்றாக இல்லை என்றால் அதையே எழுது, பொய் எழுதாதே, கண்டுபிடித்துவிடுவாள். எதுவானாலும் உடனே எழுது. டாக்டர் இரண்டு வாரம் பொறுப்பார்.

மாமா


ஜூலை 25

அக்கா,

நீ நலமாக வேண்டும். வேறு எதுவும் எனக்கு எழுதத் தோன்றவில்லை.

எனக்குச் சரியாகி இரண்டரை மாதம் ஆகிறது.

உன் ஏப்ரல் கடிதம் வந்து நாலாவது நாள் டாக்டரிடம் போனேன். நீ சொன்ன மாதிரியே காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "இத ஏன்யா பிப்ரவரியிலயே சொல்லல?" என்று மேசையைத் தட்டினார். பை இருந்தவரை பித்தநீரைச் சேர்த்து வைத்து விட்டுக்கொண்டிருந்தது. இப்போது அது பாட்டுக்குக் குடலில் இறங்குகிறது, சிலருக்குக் குடல் அதைத் தாங்காது, எனக்கு அதுதான் என்றார். பையை எடுத்தவர்களில் நிறையப் பேருக்கு இது வருவதே இல்லையாம். வந்தாலும் பலருக்குச் சில வாரத்தில் தானாக அடங்கிவிடுமாம். அந்தப் பித்தத்தைப் பிடித்து வைக்க ஒரு தூள் கொடுத்தார். தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், மணல் கரைத்த மாதிரி இருக்கும். ஒன்பதாவது நாள் கெட்டியாகப் போனேன். சந்தோஷத்தில் குமாஸ்தாவுக்குப் பேப்பர் வாங்கிக் கொடுத்தேன்.

உனக்கு எழுதவில்லை.

ஏன் என்று பத்துத் தடவை எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். காரணம் கேவலமானது. நன்றாக ஆனதும் அந்தப் பாலத்தையும் அந்தக் கால்சட்டையையும் நினைக்கவே பிடிக்கவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்தால் அதைத்தான் எழுத வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று தள்ளினேன். உன் ஜூன் கடிதத்தைப் பிரித்தேன். 'அதே மஞ்சளாக' என்ற இடம் வந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது, மடித்து வைத்துவிட்டேன். அதற்கு அடுத்த வரியில் கண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். ஒரு வார்த்தை போதும் என்று எழுதியிருந்தாய். மாமாவின் கடிதம் வந்த பிறகுதான் அதைப் படித்தேன். முழுக்கப் படிக்காமலே உனக்கு அந்தக் கார்டைப் போட்டிருக்கிறேன்.

நீ சொல்லிக் கொடுத்த வழியில் நான் பிழைத்துக்கொண்டேன், உன்னை விட்டுவிட்டேன். மலத்தைப் பார்த்து அருவருப்பு என்று பக்கம் பக்கமாக எழுதினேனே, இந்த மூன்று நாளாக நான் என்னைப் பார்க்கிற அருவருப்புக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

மாமா சொல்லிக் கொடுத்து எழுதுகிறேன் என்று நீ நினைப்பாய். அதனால் டெப்போவுக்குப் போய் மே, ஜூன், ஜூலை டிரிப் ஷீட்டுகளை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். மே பதினைந்துக்குப் பிறகு நிறுத்தம் இல்லாத இடத்தில் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. மருந்துச் சீட்டும் இருக்கிறது, தேதியைப் பார். விசிலும் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தான். அவன் எழுதியது கீழே.

"அக்கா, வணக்கம். நான் நடத்துனர். அண்ணன் சொல்வது நிஜம். நேற்று பொரித்த மீன் தின்றுவிட்டு இரண்டு டிரிப் ஓட்டினார், இன்ஜின் சூடாகவில்லை. தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள். இவர் இரண்டு நாளாகப் பச்சை விளக்கிலும் வண்டியை நிறுத்திவிட்டு அழுகிறார், பயணிகள் திட்டுகிறார்கள்."

போடு அக்கா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நாளை நீ என்னைத் திட்டுவதற்காவது நீ இருக்க வேண்டும். நீ சொல்கிற அன்றைக்குப் புறப்பட்டு வருகிறேன்.

தம்பி


செப்டம்பர் 14

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். கையில் தெம்பு வந்து பேனா பிடிக்கிற முதல் கடிதம் இது.

டிரிப் ஷீட்டை ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன். பார்த்த அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன். வீக்கம் வடிய ஒரு மாதம் ஆயிற்று, ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி எடுத்தார்கள். இன்றோடு பத்தொன்பது நாள். எனக்குப் போக்கு இல்லை, எரிச்சல் இல்லை, நுரை இல்லை. காலையில் ஒரு தடவை, எல்லோரையும் போல. கக்கூஸில் உட்கார்ந்து, எதற்காக ஐந்து மாதம் துணி மூட்டைமேல் சாய்ந்து கிடந்தேனோ அது வரும் வரும் என்று பார்த்தேன். வரவே இல்லை.

இனிமேல் எழுதப்போவதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று மாமா கெஞ்சினார். நான் சொல்வேன். கணையம் பாதி கெட்டுப்போய்விட்டது. சர்க்கரை வந்துவிட்டது. காலையும் மாலையும் தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி போட்டுக்கொள்கிறேன். சில இடத்தில் ரத்தம் கட்டி நீலமாக இருக்கிறது, சில இடத்தில் பச்சையாக. ஆயுசு முழுக்க இப்படித்தான். "மார்ச்லயே எடுத்திருந்தா இது வந்திருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் மருந்துச் சீட்டை எழுதி முடித்தார். பிறகு, "வந்திருக்காதும்மா" என்றார்.

என் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் நீ அடுத்த பஸ்ஸில் வந்து நின்றிருப்பாய். அது எனக்கும் தெரியும். உனக்கு வயிற்றால் போவதைச் சொல்ல அருவருப்பு. எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல அருவருப்பு. அக்காக்காரி தம்பியிடம் போய் எப்படி அதைச் சொல்வது என்று இல்லாத ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அது என் தப்பு, அதை நான் சுமக்கிறேன். ஆனால் அவள் நிஜமாகவே ஒருத்தியாக இருந்திருந்தால்? எவளோ ஒருத்திதானே என்றுதானே "ஏதாவது சொல்லிச் சமாளி" என்று எழுதினாய்? உன் ஏப்ரல் கடிதம் எனக்கு அசிங்கமாகவே இல்லை. ஜூலைக் கார்டுதான் அசிங்கம். அதைத் தொட்ட கையைக் கழுவினேன்.

உன்மேல் கோபமாக இருக்கிறேன். எப்போது தீரும் என்று எனக்குத் தெரியவில்லை. தீரும்போது சொல்கிறேன், அதுவரைக்கும் கேட்காதே.

வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வா. வாசலிலேயே விழுந்து அழாதே, பக்கத்து வீட்டுக்காரிக்கு அது போதும். காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் ஊசி. நான் புடவையை விலக்கி, கட்டிப்போன சதையைப் பிடித்துக் குத்தும்போது நீ என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முகத்தைத் திருப்பக் கூடாது, மூக்கைச் சுளிக்கக் கூடாது, வெளியே எழுந்து போகக் கூடாது. உன்னால் அது முடியுமா என்று நன்றாக யோசித்துவிட்டு டிக்கெட் எடு.

உன் அக்கா